வண்ணமீனும் நற்சான்றும்



நானாட்டானிலிருந்து தென்மேற்கே சென்றால் அரிப்புக் கடற்கரையை அடையலாம். பண்டுதொட்டு முத்துச் சலாபத்திற்குப் பேர்போன கரை அது. ஆங்கிலேயர் ஆண்ட காலத்தில், சலாபம் கூறுமுன்னர், அதிகாரிகள் பார்களிலிருந்து மாதிரிச் சிப்பிகளை எடுப்பித்து, அவற்றின் முத்துக்களை மதிப்பிட்டு, அம்மதிப்பை ஊரறிய வெளியிடுவர். அதனை நம்பி வணிகர் கடல் கடந்து வந்தனர். சலாபத்தால் வருவாய் பெறும் அரசே மதிப்பையும் கூறியது, ஆயினும் முத்து கைக்கு வந்ததும் வணிகன் தானே அதனை உருட்டிப் பார்ப்பான், நிறுத்துப் பார்ப்பான். ஆதலின் அங்கே பொய் நெடுநாள் நிலைப்பதற்கில்லை.

வண்ணமீன் வணிகமோ வேறு வகையது. செல்வர் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளுக்காக ஆண்டுதோறும் இரண்டு கோடிக்கு மேற்பட்ட கடல் மீன்கள் உலகெங்கும் விற்கப்படுவதாக ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டத்தின் 2003ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டது. இலங்கையிலிருந்தும் அவை விமானமேறுகின்றன. அம்மீன்களில் மிகப் பெரும்பாலானவை பவளப்பார்களிற் பிடிக்கப்பட்டவை. தொட்டியில் நீந்தும் மீன் அழகைக் காட்டுமேயன்றித் தான் பிடிபட்ட வரலாற்றைக் கூறுமா? பிலிப்பைன்சில் 1960களிலிருந்து சயனைட்டு நஞ்சைப் பாரிற் பீய்ச்சி, மயங்கிய மீன்களை அள்ளும் கொடுமை பரவியது. நஞ்சுண்ட மீன் சில நாட் கழித்தும் மடியலாம். அதற்குள் அது பல கை மாறியிருக்கும். நம் நாட்டிலே கேடு செய்தது மொக்சி வலை. பவளத்தின்மேல் அதனைக் கவிழ்த்துப் பவளத்தை உடைத்து மீனைப் பிடிப்பர். 1996ஆம் ஆண்டின் மீன்பிடி ஒழுங்குவிதிகள் அதனைத் தடைசெய்தன.

வாங்குவோன் காணவியலாத இவ்வுண்மையை ஒரு முத்திரையால் உணர்த்தலாம் எனக் கருதியே, 1998இல் மரைன் அக்குவேரியம் கவுன்சில் என்னும் சர்வதேசச் சபை தோன்றியது. 2001இல் அது தன் தராதரங்களை வெளியிட்டது. பார் எவ்வாறு பராமரிக்கப்படுகிறது, மீன் எவ்வாறு பிடிக்கப்படுகிறது, எவ்வாறு அனுப்பப்படுகிறது என மூன்றையும் அவை ஆராய்ந்தன. ஒவ்வொரு கையிலும், வந்து சேரும்போது நூற்றுக்கு ஒன்றும், சேர்ந்த பின் நூற்றுக்கு ஒன்றும் என இறப்புக்கு எல்லை வகுத்தன. நோக்கம் உயர்ந்ததே. ஆயினும் ஐந்து கைகள் மாறுமிடத்து, அவ்வெல்லைக்குள் நின்றே நூறு மீன்களுள் ஏறத்தாழப் பத்து மடியலாம் என்பதைக் கணக்கறிந்தோர் காண்பர்.

பத்தாண்டளவில் அச்சான்றளிப்பு ஓய்ந்தது. சான்று பெற்ற மீன் போதிய அளவு சந்தைக்கு வரவில்லை. வந்ததற்கும் வாங்குவோர் கூடிய விலை கொடுக்க முன்வரவில்லை. செலவோ சுழியோடியின் வாயில்வரை வந்து நின்றது. நஞ்சின்றிக் கைவலையால் பொறுமையுடன் மீன் பிடித்தவனும், நஞ்சிட்டு அள்ளியவனும் ஒரே விலை பெறுவாராயின், நேர்மை நட்டமான தொழிலாகி விடுமன்றோ?

இஃது எங்கோ நடந்த கதை எனத் தள்ளிவிடலாகாது. வங்காலை, சிலாவத்துறைப் பக்கத்துச் சுழியோடிகள் சங்குக்கும் கடலட்டைக்கும் மூழ்கி வாழ்பவர். பார் உடைந்தால் முதலில் உடைவது அவர் பிழைப்பு. நாளை இக்கடற்பொருள்களுக்கும் யாரேனும் பச்சை முத்திரை கொண்டுவரின், நாம் மூன்று வினாக்களைக் கேட்டல் வேண்டும். சோதிப்போனுக்குக் கூலி கொடுப்பவர் யார்? அவன் கடலில் இறங்கிப் பார்த்தானா, கந்தோரில் இருந்து ஏட்டைப் பார்த்தானா? முத்திரையால் வந்த கூடிய விலையில் எத்தனை சதம் மூழ்கியவன் கைக்குச் சேர்ந்தது?

இம்மூன்றுக்கும் விடையை ஊரறிய வெளியிடும் சான்றே சான்று. அன்று அரிப்பிலே மாதிரிச் சிப்பியின் மதிப்பைப் பலரறியக் கூறினார்கள். வணிகர் தாமே சோதித்து உண்மை கண்டார்கள். வாங்குவோன் கண்ணால் காணமுடியாத இடத்தில், அவனுக்காகக் காண்பவன் இருமடங்கு நேர்மையுடையவனாக இருத்தல் வேண்டும். அந்நேர்மை இல்லாத முத்திரை வெறும் மையே.