தீரன் சின்னமலையும் ஏட்டில் ஏறாத பொல்லானும்
(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



விடுதலைப் போரில் கொங்கு நாட்டின் பங்கு குறித்துப் பேசுமாறு விழாக் குழுவினர் பணித்துள்ளனர். அப்பொருளை எடுத்த அளவிலேயே நம் நெஞ்சில் வந்து நிற்பவர் தீரன் சின்னமலை. அவரைப் பேசுமிடத்து, அவர்தம் படையில் நின்ற அருந்ததியர் குல வீரர் பொல்லானையும் உடன் வைத்துப் பேசுதல் நம் கடமையாகும்.

காங்கேயத்தை அடுத்த மேலப்பாளையத்தில் 1756ஆம் ஆண்டு பிறந்த தீர்த்தகிரியே பின்னாளில் சின்னமலை எனப் பெயர் பெற்றார். மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தைப் பறித்துக்கொண்டு, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் இடையில் ஒரு சின்னமலை பறித்ததாகச் சொல்லுமாறு அவர் கூறி அனுப்பினார் என்பது நாடறிந்த வழக்கு. அவ்வாறு மைசூரை எதிர்த்தவரே, கும்பெனியார் நாட்டை விழுங்க வந்தபோது மைசூரின் திப்பு சுல்தானுக்குத் துணையாகக் கொங்குப் படையைத் திரட்டிச் சென்றார். வீட்டுப் பகை வேறு, நாட்டுப் பகை வேறு எனத் தெளிந்தமையே அவரைத் தலைவராக்கியது.

1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். கொங்கு நாடு கும்பெனியார் வசமாயிற்று. அவர்கள் இந்நாட்டை இரு கூறாக்கி, வடபகுதிக்குப் பவானியையும் தென்பகுதிக்கு நம் தாராபுரத்தையும் தலைமையிடமாக வைத்தனர். நாம் இன்று கூடியிருக்கும் இவ்வூர் அந்நாளில் அயலாட்சியின் இருக்கையாயிருந்தது என்பதை மாணவர்கள் அறிதல் வேண்டும்.

சின்னமலை அடங்கவில்லை. 1800ஆம் ஆண்டு சூன் திங்களில் கோவைக் கோட்டையைத் தாக்குவதற்குப் புரட்சியாளர் செய்த முயற்சி தோல்வியுற்றது. பிடிபட்டோர் பலர் தூக்கிலேற்றப்பட்டனர். அதன் பின்னரும் அரச்சலூரை அடுத்த ஓடாநிலையில் கோட்டை அமைத்து அவர் போரைத் தொடர்ந்தார். முடிவில் பிடிபட்டு, 1805ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் சங்ககிரிக் கோட்டையில் தம்பியருடன் தூக்கிலிடப்பட்டார்.

ஐந்தாறு ஆண்டுகள் ஒரு பேரரசை எதிர்த்து நிற்றல் ஒருவரால் மட்டும் ஆவதன்று. குதிரைக்குச் சேணம் வேண்டும், வாளுக்கு உறை வேண்டும், முரசுக்குத் தோல் வேண்டும். எதிரியின் நடமாட்டத்தை அறிந்து இரவோடிரவாகச் சொல்லும் கால்கள் வேண்டும். தோலைப் பதப்படுத்தியவரும், கவலை இறைக்கும் தோற்பறியைத் தைத்தவரும் நம் முன்னோர். அவருள் ஒருவரே பொல்லான். ஆங்கிலேயர் முகாமில் ஒற்றறிந்து, செய்தியைக் காலணிக்குள் மறைத்து வைத்துத் தைத்துச் சின்னமலைக்கு அனுப்பினார் என்றும், அது வெளிப்பட்டமையால் ஓர் ஆடி முதல் நாளில் நல்லமங்காபாளையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும் நம் மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர்.

இதனை எண்ணும்போது நெஞ்சு கனக்கின்றது. நாட்டின் விடுதலைக்குச் செய்தி சுமந்த காலணியைத் தைத்தவனின் பேரப்பிள்ளைகள், அதே கொங்கு நாட்டின் பல ஊர்த் தெருக்களில் காலணியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தனர். தேநீர்க் கடையில் தனிக் குவளையில் குடித்தனர். அந்நியன் அகன்ற பின்னரும் இவ்விழிவு அகலவில்லை.

பொல்லானின் பெயர் ஏன் நெடுங்காலம் ஏட்டில் ஏறவில்லை? பிரான்சிசு புக்கானன் என்னும் கும்பெனியாரின் மருத்துவர் 1800ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கொங்கு நாட்டில் பயணம் செய்து, தாராபுரத்திற்கும் வந்து, இங்குள்ள பயிர், தறி, சாதி முதலியவற்றை எழுதி வைத்தார். வெளியிலிருந்து வந்தவன் கையில் எழுதுகோல் இருந்தது. நிலமுடையோரிடம் பட்டயமும் ஓலையும் இருந்தன. நம் முன்னோர்க்கோ எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. ஆகவே பொல்லான் வாய்மொழியிலேயே வாழ்ந்தார்.

இந்நாளில் நிலை மாறி வருகின்றது. சின்னமலைக்கு ஓடாநிலையில் மணிமண்டபமும், 2005இல் அஞ்சல் தலையும் வந்தன. பொல்லானுக்கும் ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சி அருகே செயராமபுரத்தில் 2025ஆம் ஆண்டில் அரசின் சார்பில் சிலையும் நினைவரங்கும் அமைந்தன. மகிழ்ச்சியே. ஆயினும் சிலையோடு நம் வேலை முடிந்துவிடாது.

நாம் செய்ய வேண்டுவன இரண்டு. ஒன்று, வாய்மொழியை ஆவணத்தோடு வைத்து ஆராய வேண்டும். கும்பெனியாரின் படைத்துறை, வருவாய்த்துறைக் குறிப்புகள் சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நம் பிள்ளைகள் அங்கே சென்று அமர வேண்டும். கிடைப்பதை மட்டும் சொல்ல வேண்டும். மிகைப்படுத்தினால் உண்மையும் ஐயத்திற்கு உள்ளாகும். முதிய தாய்மார் வாயிலுள்ள கதைகளையும் பாடல்களையும் அவர்கள் இருக்கும்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, இவ்வீரர்களைச் சாதிக்கொருவராகப் பங்கிட்டுக்கொள்ளும் வழக்கத்திற்கு நாம் உடன்படலாகாது. சின்னமலை நமக்கும் தலைவர், பொல்லான் பிறர்க்கும் வீரர். ஆடிப் பதினெட்டில் சின்னமலைக்கு மாலையிடும் அன்பர்களிடம் நாம் பணிவோடும் உறுதியோடும் கேட்பது இதுவே: அவருடைய உயிர்க்கு உயிராய் நின்றவனின் மக்களை உங்கள் ஊரில் சமமாக நடத்துங்கள். அதுவே அவ்விருவர்க்கும் செய்யும் சிறப்பு.

அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2009இல் வந்தது. 2024இல் உச்ச நீதிமன்றமும் அதனை நிலைநிறுத்தியது. கதவு திறந்திருக்கின்றது. அதனுள் நுழையும் பிள்ளைகளை ஆயத்தம் செய்வதற்கே இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக உழைத்து வருகின்றது. பொறியியலும் மருத்துவமும் பயில்க. அவரோடு வரலாறு பயில்வோர் சிலரும் நம்மிடையே எழுக. பொல்லானைப் பற்றிய ஆய்வு நூலை இக்கழகத்தில் பயின்ற ஒருவர் எழுதும் நாளை எதிர்நோக்குகின்றோம்.