மாட்டுப்பட்டி

மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷன் போகும் பேருந்தில் ஏறி, 13 கிலோமீட்டர் தள்ளி இறங்கிக்கொள்வோம். பெயர்ப்பலகையில் மலையாளத்தில் 'மாட்டுப்பெட்டி' என்றிருக்கும். மாட்டுக்கு எதற்குப் பெட்டி? மலையாளத்தில் பட்டி என்றால் நாய். மாட்டோடு நாயைச் சேர்ப்பானேன் என்று பெட்டியாக்கிவிட்டார்களோ என்னவோ, என் ஊகம்தான். தோட்டத் தமிழர் வாயில் அது மாட்டுப்பட்டி. மாடு அடைக்கிற பட்டி.

எந்த மாடு? கண்ணன் தேவன் கம்பெனியின் வண்டி மாடுகள் என்கிறார்கள் இங்குள்ள பெரியவர்கள். 1897-இல் அமைந்த அந்தத் தேயிலைக் கம்பெனியை விட்டால் மூணாறு என்ற ஊரே இல்லை. அது 1902-இல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று போட்டது. வண்டியின் சிறு சக்கரம் தண்டவாளத்தில் உருளும், பெரிய சக்கரம் தரையில் உருளும், இழுப்பது காளை! தேயிலை இப்படி டாப் ஸ்டேஷன் போய், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் சேரும். 1908-இல் ரயில் வந்தது. காளைகளுக்கு விடுதலை.

ரயிலுக்கு ஆயுசு பதினாறே வருடம். 1924 ஜூலையில் கொட்டிய மழையை, கொல்லம் ஆண்டு 1099 என்பதால், மலையாளிகள் 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்' என்பார்கள். மாட்டுப்பட்டியில் மலை சரிந்து, மண்ணும் மரமுமாக இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஆற்றை அடைத்துக்கொண்டதாம். யாரும் கட்டாத அணை. தண்ணீர் ஏறி ஏறி, ஒருநாள் அது உடைந்து மூணாறு ஊருக்குள் பாய்ந்தது. போன தண்டவாளத்தை மறுபடி யாரும் போடவில்லை. மூணாறு ரயில் நிலையக் கட்டடம் மட்டும் தப்பி, பிறகு கம்பெனி அலுவலகமாயிற்று.

இப்போது நாம் நிற்பது 1953-இல் கட்டிய கான்கிரீட் அணையின் மேல். கம்பெனி கட்டியதல்ல, அரசாங்கம் கட்டியது. பள்ளிவாசல் மின்நிலையம் 1940-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. மழை நின்ற மாதங்களிலும் அதற்குத் தண்ணீர் வேண்டுமே, அதற்குத்தான் இந்த நீர்த்தேக்கம்.

மாடுகள் திரும்பி வந்தது 1963-இல். சுவிட்சர்லாந்து உதவியோடு இங்கே பண்ணை தொடங்கினார்கள். குளிரும் புல்வெளியும் அந்த ஊர்ப் பழுப்பு மாடுகளுக்கு ஒத்துக்கொண்டன. அந்தக் காளைகளைக் கேரளத்து நாட்டுப் பசுக்களோடு சேர்த்து உருவான கலப்பினத்துக்குச் சுனந்தினி என்று பெயர். கறவைக்குக் கறவை, நம் வெயிலையும் தாங்கும். முதல் வரவு காளைகள் சுமை இழுத்தன. இரண்டாம் வரவுக்கு அந்த வேலை கிடையாது. அவற்றின் வித்து உறைநிலையில் குப்பிகளில் ஏறி, எங்கோ சமவெளித் தொழுவத்துப் பசுவைத் தேடிப் போகிறது.

அதோ, நீர்விளிம்புப் புல்லில் கறுப்பாக அசைவது மாடில்லை. யானைக் கூட்டம். சாலையிலேயே நின்று பார்ப்போம்.