விரிவுரை மண்டபம் அரசியல் மேடையா?

(வெள்ளவத்தையில் கூடிய தமிழ்ப் பெற்றோர், மாணவர் முன்னிலையில் ஆற்றிய உரை)



சென்ற கிழமை கொட்டாஞ்சேனையில் நாம் பேசி முடித்ததும் ஒரு பெரியவர் எழுந்து கேட்டார்: "பாடத்தை விட்டுவிட்டு வகுப்பிலே இனவாதம் பேசுகிற பேராசிரியர்மாரை உத்தியோகத்திலிருந்து விலக்க ஒரு சட்டம் கொண்டுவர உங்களால் முடியாதா?" சபை கைதட்டியது. அந்தக் கைதட்டலின் பின்னால் நின்ற வேதனையை நாம் அறிவோம். ஆயினும், அப்படியொரு சட்டத்தை நாம் கேட்கமாட்டோம். வேறெவர் கொண்டுவந்தாலும் எதிர்ப்போம் என்று மறுமொழி சொன்னோம். நேரம் போதாமையால் காரணத்தை விரித்துரைக்க இயலவில்லை. அதற்காகவே இன்று இங்கு நிற்கிறோம்.

வேதனையை முதலில் சொல்லிவிடுவோம். வன்னியிலிருந்து ஒரு கமக்காரர் எம்மிடம் வந்தார். வயலை ஈடுவைத்து மகளைத் தென்னிலங்கைப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு அனுப்பியவர். மே மாதத்தில் ஒருநாள், புள்ளிவிபரவியல் வகுப்பு. யுத்த வெற்றியின் பெருமையை அரைமணி நேரம் பேசிய விரிவுரையாளர், அவ்வகுப்பில் இருந்த ஒரேயொரு தமிழ்ப் பிள்ளையைச் சுட்டி, "நீ என்ன சொல்கிறாய்?" என்று கேட்டாராம். முள்ளிவாய்க்காலில் மாமனைப் பறிகொடுத்த பிள்ளை அது. என்ன சொல்லும்? வாய் திறக்கவில்லை. அடுத்த மாதம் அப்பிள்ளையின் விடைத்தாளைத் திருத்தப் போகிறவரும் அவரே. "ஐயா, அந்த மனுசனை அங்கேயிருந்து எடுக்கவேணும், மனு ஒன்று எழுதித் தாருங்கோ" என்று தகப்பன் கேட்டார். மனு எழுதினோம். ஆனால் அவர் கேட்டபடி எழுதவில்லை. அது ஏன் என்று சொல்வதற்கு முன், சற்றுப் பழைய கதை ஒன்றைப் பார்ப்போம்.

1956ஆம் ஆண்டு. சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கும் மசோதா உருவாகிக்கொண்டிருந்தது. தமிழின் நியாயமான உபயோகத்துக்குச் சிறிது இடம்விடும் ஏற்பாடுகளையும் அதில் சேர்க்கப் பண்டாரநாயக்க அரசாங்கம் முதலில் எண்ணியிருந்தது. அந்தச் சிறிதும் கூடாதென்று ஒருவர் பிரதிநிதிகள் சபைக் கட்டடத்திலேயே உண்ணாவிரதம் கிடந்தார். அவர் பிக்குவும் அல்லர், கட்சித் தலைவரும் அல்லர், எப். ஆர். ஜயசூரியா என்ற, இலங்கைப் பல்கலைக்கழகத்துப் பொருளியல் விரிவுரையாளர். அரசாங்கம் பணிந்தது. அந்த ஏற்பாடுகள் மசோதாவிலிருந்து மறைந்தன. ஜூன் 5ஆம் நாள், அக்கட்டடத்தை அடுத்த காலிமுகத்திடலில் தந்தை செல்வநாயகத்தின் தலைமையில் சத்தியாக்கிரகம் இருந்த நம்மவர் அடித்து விரட்டப்பட்டனர். அவ்வாண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் எமது தலையில் ஏறியது.

சட்டத்தரணி என்ற முறையில் ஒரு கேள்வி கேட்கிறோம். அந்த உண்ணாவிரதத்துக்காக அவரைப் பல்கலைக்கழகம் வேலைநீக்கம் செய்திருக்க வேண்டுமா? கூடாது என்பதே எமது விடை. அவர் கோரியது அநீதி. ஆனால் கோருவதற்கு அவருக்கிருந்த உரிமை, காலிமுகத்திடலில் அடிவாங்கிய நம்மவருக்கிருந்த அதே உரிமை. அவருக்கு இல்லையென்று சொன்னால் எமக்கும் இல்லை. சபைக் கட்டடத்தின் படிகளில் அவர் ஒரு பிரசை. அவருக்கு மறுமொழி சொல்ல நம்மிடம் மேடை இருந்தது, பத்திரிகை இருந்தது, நாடாளுமன்றத்தில் ஆசனம் இருந்தது. வகுப்பறைக்குள் நுழைந்த கணத்திலோ விரிவுரையாளருக்கு வேறொரு அதிகாரம் வந்துவிடுகிறது. அங்கே அவர் எதிரே இருப்பவனுக்கு மேடை இல்லை. எழுந்து போனால் வரவு இல்லை. மறுத்துப் பேசினால் புள்ளி என்னவாகுமோ என்ற பயம்.

இந்த வேற்றுமையை ஒரு ஜேர்மானியர் மிகத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். சமூகவியல் மேதை மாக்ஸ் வெபர், 1917ஆம் ஆண்டு, முதலாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், மியூனிக் நகரில் மாணவர் முன் அறிவியலைத் தொழிலாகக் கொள்வது பற்றி உரையாற்றினார். வெபர் அரசியலை வெறுத்து ஒதுங்கியவர் அல்லர். அதில் முழுக்க நனைந்தவர். அவர் சொன்னதன் சாரம் இது: பொதுக்கூட்டத்தில் ஒருவன் தன் கட்சியை மறைக்காமல் பேசட்டும், அது அவன் கடமை, ஆனால் விரிவுரை மண்டபத்தில் மாணவர் பேசாதிருக்க ஆசிரியர் மட்டுமே பேசுகிறார். விமர்சிக்க எவரும் வாய் திறக்க முடியாத இடத்தில் தன் அரசியலைத் திணிப்பது பொறுப்பற்ற செயல். வன்னிப் பிள்ளையின் வாய்மூடிய மௌனத்தை வெபர் நூறாண்டுக்கு முன்னரே கண்டுவிட்டார் போலும்!

இனி, அரசியல் வாடையே வீசாத பாடம் வேண்டும் என்று எவரும் கேட்கவேண்டாம். அது நடவாத காரியம், நடந்தாலும் பயனற்றது. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைப் படிப்பிக்கும் சட்ட விரிவுரையாளர், மலைநாட்டுத் தமிழரின் பிரசாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடாமல் போகமுடியுமா? வரலாற்றுப் பேராசிரியர் 1915ஐயும் 1958ஐயும் 1983ஐயும் விட்டுவிட்டு எதைப் படிப்பிப்பார்? இன்னும் ஒருபடி மேலே போய்ச் சொல்வோம்: பேராசிரியருக்குத் தமது சொந்தக் கோட்பாடு ஒன்று இருப்பதும் குற்றமன்று. கைலாசபதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மார்க்சியவாதி என்பதை நாடறியும். பேர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் தொம்சன் என்ற மார்க்சியப் பேரறிஞரிடம் ஆய்வு செய்தவர். தமிழ் வீரயுகப் பாடல்களைப் பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1968ஆம் ஆண்டு ஒக்ஸ்போர்டில் வெளிவந்தது. 1974ஆம் ஆண்டு யாழ்ப்பாண வளாகத்தின் முதல் தலைவரானார். சமஷ்டிக் கொள்கையில் ஊறிய நம்மவர் பலருக்கு அவர் அரசியல் கைக்கவே செய்தது. ஆயினும் அவருடைய சங்க இலக்கிய ஆராய்ச்சியைப் படித்து, சான்றை எடுத்து, சான்றினாலேயே மறுக்க எவருக்கும் வழி திறந்திருந்தது, மறுத்தவர்களும் உண்டு. அது கல்வி. புள்ளிவிபரவியல் வகுப்பில் யுத்த வெற்றி விழா நடத்துவது கல்வியன்று. பாடத்துக்கும் பேச்சுக்கும் தொடர்பு உண்டா, மறுப்பவனுக்கு வாய்ப்பு உண்டா, மறுத்தவனின் புள்ளி பத்திரமாக இருக்குமா என்றுதான் நாம் பார்க்கவேண்டும். பேசியவர் சிங்களவரா தமிழரா, எந்தக் கட்சிக்காரர் என்பது இவற்றில் ஒன்றுமன்று.

அமெரிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் 1940ஆம் ஆண்டு கல்லூரிகளின் சங்கத்துடன் சேர்ந்து வெளியிட்ட கூற்றிலும் இந்த அளவுகோலே காணப்படுகிறது: பாடத்தோடு தொடர்பில்லாத சர்ச்சைக்குரிய விடயத்தை வகுப்பில் நுழைக்காதிருக்க ஆசிரியர் கவனமெடுக்க வேண்டும், வெளியே பிரசையாகப் பேசும்போது நிறுவனத் தணிக்கைக்கு அவர் ஆளாகக் கூடாது. ஆனால் அதே நாட்டில் 1949ஆம் ஆண்டு, வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் மூன்று பேராசிரியர்களை வெளியேற்றியது. கம்யூனிஸ்ட் கட்சித் தொடர்புதான் குற்றச்சாட்டு. வகுப்பில் என்ன செய்தார்கள் என்பது அன்று. அவர்களுள் ஒருவர் தத்துவ ஆசிரியர். தாம் மார்க்சியவாதி என்பதைப் பாடத் தொடக்கத்திலேயே மாணவருக்குச் சொல்லிவிடுவது தமது வழக்கம், அவர்கள் தம் பேச்சை எடைபோட்டுக் கேட்கட்டும் என்று விசாரணையில் கூறியவர். இதைவிட நேர்மையாக ஓர் ஆசிரியர் என்ன செய்யமுடியும்? அவருக்கும் வேலை போயிற்று. நடத்தையை விட்டுவிட்டுக் கருத்தை விசாரிக்கத் தொடங்கினால் இப்படித்தான் முடியும்.

வாஷிங்டன் தூரம் என்பீர்கள். யாழ்ப்பாணம் தூரமில்லையே! யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சட்டத்துறைத் தலைவராக இருந்தவர் கலாநிதி குமாரவடிவேல் குருபரன். 1996ஆம் ஆண்டு நாவற்குழியில் இராணுவத்தால் பிடிக்கப்பட்டுக் காணாமற்போன இளைஞர்களின் குடும்பங்களுக்காக, யாழ்ப்பாண மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களில் தோன்றினார். 2019ஆம் ஆண்டு இராணுவம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குக் கடிதம் எழுதியது. ஒரு விரிவுரையாளர் எவ்வாறு நீதிமன்றத்தில் வழக்குப் பேசலாம் என்பது கேள்வி. அதன்மேல், அவர் நீதிமன்றில் தோன்றலாகாது என்று பல்கலைக்கழகப் பேரவை தடைபோட்டது. 2020ஆம் ஆண்டு அவர் பதவியைத் துறந்தார். அவர் வகுப்பில் அரசியல் பேசினார் என்று மாணவர் முறையிட்ட விவகாரம் அன்று இது. காணாமற்போன பிள்ளைகளின் தாய்மாருக்காக நீதிமன்றப் படி ஏறியதே விவகாரம். கொட்டாஞ்சேனைப் பெரியவரே, நீங்கள் கேட்கும் சட்டம் இல்லாதபோதே இவ்வளவு நடந்தது. "அரசியல் பேசும் பேராசிரியரை விலக்கலாம்" என்று ஒரு வரியை நாமே எழுதிக் கொடுத்தால், அந்தப் பிரம்பு முதலில் விழுவது எவருடைய முதுகில்?

வதந்தியைப் பற்றியும் ஒரு சொல். 1970ஆம் ஆண்டு, தமிழ்ப் பரீட்சகர்கள் தம் இனத்துப் பிள்ளைகளுக்குப் புள்ளியை வாரிக் கொடுத்தார்கள் என்று ஒரு கதை தென்னிலங்கையில் கிளப்பப்பட்டது. கதை கதைதான், அது செய்த வேலையோ பெரிது. அதன் சூட்டில், 1971ஆம் ஆண்டுக்கான அனுமதியின்போது பேராதனைப் பொறியியல் பீடத்துக்குச் சிங்கள மாணவனுக்கு 227 புள்ளியும் தமிழ் மாணவனுக்கு 250 புள்ளியும் வேண்டுமென்று வரம்பு கட்டினார்கள். மருத்துவத்திலும் அதே 250; சிங்கள மாணவனுக்கு 229. தரப்படுத்தலின் கதை அங்கே தொடங்கிற்று. இங்கே அமர்ந்திருக்கும் வைத்தியர்களிலும் பொறியியலாளர்களிலும் மூத்தவர்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. ஆசிரியர்மீது சான்றில்லாத பழி சுமத்துவது என்ன செய்யும் என்பதை அனுபவித்த இனம் நாம். ஆகையால் "அவர் இனவாதி, புள்ளி குறைத்திருப்பார்" என்று எம்மிடம் வருகிற எவரையும் முதலில் விடைத்தாளையும் பெறுபேற்றையும் பற்றியே கேட்போம்.

நம் வீட்டு முற்றத்தையும் கூட்டவேண்டும். 1960இல் கலைப்பீடத்தில் தாய்மொழிப் போதனை தொடங்கியபின் சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் தனித்தனி மண்டபங்களில் அமர்ந்தனர். தாய்மொழிக் கல்வி எமது கோரிக்கைதான். அதில் எமக்கு மனமாற்றம் இல்லை. ஆனால் அதன் பக்கவிளைவு ஒன்று உண்டு. மறுப்பவன் அறைக்குள் இல்லாதபோது பேராசிரியரின் அரசியல் பாடமாகவே மாறிவிடுகிறது. அங்கும் அப்படி, இங்கும் அப்படி. தமிழ் மண்டபத்தில் கட்சி பேசப்பட்டால் நாம் கைதட்டிவிட்டு, சிங்கள மண்டபத்தில் பேசப்பட்டால் மனு எழுதுவது நீதியாகாது. மாற்றுக் கருத்துக்கு நம்மிடையே கிடைத்த கூலியையும் மறக்கலாகாது. யாழ்ப்பாண மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் துறைக்குத் தலைமை தாங்கியவரும், 'முறிந்த பனை' நூலை எழுதிய நால்வருள் ஒருவருமான ராஜினி திராணகம, 1989 செப்டம்பர் 21ஆம் நாள் வீதியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் எழுதியது பலருக்குக் கசந்தது. கசந்தால் மறுத்து எழுதியிருக்கலாம்.

சரி, வன்னிப் பிள்ளைக்கு என்ன வழி? வழி இருக்கிறது, புதுச் சட்டம் வேண்டியதில்லை. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை, இனம், மதம், மொழி, அரசியல் கருத்து முதலிய காரணங்களால் எந்தப் பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கிறது. அரச பல்கலைக்கழகத்தின் செயல் நிருவாகச் செயல். எனவே 126ஆம் உறுப்புரையின்கீழ் உயர் நீதிமன்றம் செல்லலாம். ஆனால் கவனியுங்கள்: ஒரு மாதத்துக்குள் செல்லவேண்டும். நம்மவர் பெரும்பாலும் இரண்டாம் மாதத்தில்தான் எம்மிடம் வருகிறார்கள்! அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதற்கு இடம் தருகிறது. இவையெல்லாம் கடைசிப் படிகள். முதற்படி துறைத் தலைவரும் பீடாதிபதியும்.

அந்தக் கமக்காரரின் மகளுக்கு நாம் எழுதிய கடிதம் பீடாதிபதிக்குத்தான் போயிற்று. விரிவுரையாளரின் கட்சியைப் பற்றியோ இனத்தைப் பற்றியோ அதில் ஒரு சொல் இல்லை. இன்ன திகதி, இன்ன பாடம், பாடத்துக்குப் புறம்பாக இவ்வளவு நேரம், ஒரு மாணவியைத் தனிமைப்படுத்தி இன்ன கேள்வி, இவ்வளவே. கேட்டவையும் மூன்றே: பாட நேரம் பாடத்துக்கே செலவாகவேண்டும், மாணவரின் அரசியல் கருத்தை வகுப்பில் விசாரிக்கலாகாது, பரீட்சை எண் மட்டும் இட்ட அவளுடைய விடைத்தாளை இரண்டாவது பரீட்சகர் ஒருவரும் பார்க்கவேண்டும். கடிதத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவ்வகுப்பின் சிங்கள மாணவர் நால்வரும் உண்டு. அரைமணி நேரப் பாடம் அவர்களுக்கும்தானே போயிற்று! "விலக்குங்கள்" என்று எழுதியிருந்தால் அந்த நான்கு கையெழுத்தும் கிடைத்திராது. இரண்டாவது பரீட்சகருக்குப் பீடாதிபதி இணங்கிவிட்டார். மற்ற இரண்டுக்கும் எழுத்தில் மறுமொழி கேட்டிருக்கிறோம்.

இத்தகைய முறைப்பாடு உடையவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கே இருங்கள். இளஞ்சட்டத்தரணிகள் மூவர் வந்திருக்கிறார்கள். திகதியும் பாடத்தின் பெயரும் சொல்லப்பட்ட வார்த்தைகளும் உங்கள் குறிப்புப் புத்தகத்தில் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால், வீடு சென்றதும் நினைவு மங்குமுன் எழுதிவைத்து, நாளை மாலை வாருங்கள்.