சிறிய காருக்குப் பெரிய பிறேக் வேண்டுமா?



ஒரு மோட்டார்க் காரைப் பற்றி விசாரிப்பவர்கள், அதன் எஞ்சின் எத்தனை குதிரைவலு உடையது, அது எத்துணை வேகத்தில் ஓடும் என்றே முதலிற் கேட்கின்றார்கள். அது எத்துணை நன்றாக நிற்கும் என்று கேட்பவர் சிலரே. ஆயினும், வண்டியில் இருப்பவரின் உயிரும் வீதியிற் செல்பவரின் உயிரும் அந்த இரண்டாவது கேள்வியின் விடையிலேதான் தங்கியிருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் கார் எனப்படும் சிறிய, விரைவான வண்டிகளை வைத்திருப்போர் பலர், தொழிற்சாலை பூட்டி அனுப்பிய பிறேக்கைக் கழற்றிவிட்டு, அதனினும் பெரியதொன்றைப் பூட்ட விரும்புகின்றனர். அவ்விருப்பம் எப்போது நியாயமானது, எப்போது வீண்செலவு, எப்போது ஆபத்து என்பதை இன்று சிறிது ஆராய்வோம்.

பொதுப்படப் பேசாது, ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். ஜப்பானின் ஹிரோஷிமா மாகாணத்திலுள்ள மஸ்டா நிறுவனம் 1989 ஆம் ஆண்டு சிக்காகோ மோட்டார்க் கண்காட்சியில் எம்.எக்ஸ்.-5 என்னும் இரண்டு இருக்கை வண்டியை அறிமுகஞ் செய்தது. 1.6 லீற்றர் எஞ்சின் கொண்ட அவ்வண்டியின் நிறை ஏறக்குறைய 950 கிலோகிராம். சில்லின் விட்டம் 14 அங்குலம். அதன் முன்சில்லுகளோடு சுழலும் டிஸ்க் என்னும் வட்டத் தட்டின் விட்டம் 235 மில்லிமீற்றர். பின்தட்டின் விட்டம் 231 மில்லிமீற்றர். பின்னர் 1.8 லீற்றர் எஞ்சின் பூட்டியபோது, தட்டுகளை முறையே 255, 251 மில்லிமீற்றராகப் பெருப்பித்தனர். அதன் அடுத்த தலைமுறையில், விரைவோட்டத்துக்கெனச் செய்த வகைக்கு 270, 276 மில்லிமீற்றர்த் தட்டுகள் வந்தன. ஆகவே இவ்வண்டிக்குத் தொழிற்சாலையே மூன்று அளவுகளை வகுத்துத் தந்திருக்கின்றது. இவற்றைவிட, நான்கு பிஸ்டன்களைக் கொண்ட அலுமினியக் கலிப்பரும் இன்னும் பெரிய தட்டும் சேர்ந்த தொகுதிகளை வேறு நிறுவனங்கள் விற்கின்றன. இவற்றுள் எதைத் தெரிவது? இதற்கு விடை காணுமுன், பிறேக் என்பது யாது தொழிலைச் செய்கின்றது என்று அறிதல் வேண்டும்.

ஓடும் வண்டியிலே இயக்கசக்தி அடங்கியிருக்கின்றது. அச்சக்தியை வெப்பமாக மாற்றுவதே பிறேக்கின் தொழில். இருவர் ஏறிய நிலையில் 1,100 கிலோகிராம் நிறையுள்ள வண்டி மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஓடுமாயின், அதனிடம் ஏறக்குறைய 425 கிலோயூல் சக்தி இருக்கும். சாதாரண நிலையிலுள்ள 1.4 லீற்றர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதுமானது. வண்டி நிற்கும் சில விநாடிகளுள் அத்தனை வெப்பமும் நான்கு இரும்புத் தட்டுகளில் ஏறிவிடுகின்றது. வேகம் இரட்டித்தால் இச்சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இனி, வண்டியை நிறுத்துவது எது? பிறேக் சில்லைத்தான் பிடிக்கின்றது. வண்டியைப் பிடிப்பது ரயர். வீதிக்கும் ரயருக்கும் இடையிலுள்ள பிடிப்பு ஓர் எல்லைக்கு மேற் செல்லாது. உலர்ந்த நல்ல வீதியில், நல்ல ரயர்களோடு, புவியீர்ப்பு வேகவளர்ச்சியின் பத்தில் ஒன்பது பங்கு அளவில் வண்டி வேகங் குறையுமாயின், 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து நிற்பதற்கு ஏறக்குறைய 44 மீற்றர் வேண்டும். தட்டின் விட்டம் 235 மில்லிமீற்றராயினும் 300 மில்லிமீற்றராயினும் இக்கணக்கு மாறாது. மிதியை ஓங்கி மிதித்ததும் சில்லு சுழலாது இறுகி வழுக்குமாயின், அல்லது அவ்வாறு இறுகாமற் காக்கும் ஏ.பி.எஸ். என்னும் அமைப்பு வேலை செய்யத் தொடங்குமாயின், அந்தப் பிறேக்கிடம் ரயர் தாங்கக்கூடிய வலிமை முழுவதும் ஏற்கெனவே இருக்கின்றது என்பதே பொருள். அத்தகைய வண்டிக்குப் பெரிய பிறேக் பூட்டுபவர், ஒருமுறை நிறுத்தும் தூரத்தில் ஒரு மீற்றரையும் மீதப்படுத்தப் போவதில்லை. அவர் தமது பணத்தை நல்ல ரயர்களில் இட்டிருந்தால், தூரம் உண்மையிலேயே குறைந்திருக்கும்.

அவ்வாறாயின் பெரிய தட்டினாற் பயனே இல்லையோ என்று நீங்கள் கேட்கலாம். பயன் உண்டு. அது முதல்முறை நிறுத்துவதில் அன்று, பத்தாவது முறை நிறுத்துவதிலே தெரியும். முன்தட்டு ஒன்றின் நிறை ஐந்து கிலோகிராம் என வைத்துக்கொள்வோம். மேலே கூறிய வெப்பத்தில் எழுபது வீதம் இரு முன்தட்டுகளுக்கும் செல்லுமாயின், ஒவ்வொரு நிறுத்தத்திலும் தட்டின் வெப்பநிலை ஏறக்குறைய 65 பாகை உயரும். இடையிலே நீண்ட தூரம் ஓடினால் காற்று அதைக் குளிரச் செய்துவிடும். ஆனால் பந்தயப் பாதையிலே வளைவுக்கு வளைவு மிதிக்கும்போது குளிர்வதற்கு அவகாசம் இல்லை. வெப்பம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றது. தட்டு பெரிதாயின் இரும்பின் நிறை கூடும்; காற்றுப் படும் பரப்பும் கூடும். ஆகவே அது மெதுவாகச் சூடேறி, விரைவாகக் குளிரும்.

மோட்டார்ப் பந்தய வரலாறும் இதற்குச் சான்று பகரும். பிரான்சு நாட்டின் லெ மான்ஸ் நகரில் நடைபெறும் 24 மணி நேரப் பந்தயத்தில், 1953 ஆம் ஆண்டு, ஜாகுவார் சி வகை வண்டிகள் டன்லொப் நிறுவனத்தின் டிஸ்க் பிறேக்குகளோடு ஓடி முதலிடம் பெற்றன. போட்டியிட்ட ஏனைய வண்டிகளுட் பல பழைய ட்றம் பிறேக்குகளையே கொண்டிருந்தன. ட்றம் சூடேறும்போது விரிந்து, உள்ளிருக்கும் கட்டைகளை விட்டு விலகும். தட்டோ சூடேறித் தடிக்கும்போது இருபுறமும் உள்ள கட்டைகளை நோக்கியே விரியும். நீண்ட நேர்பாதையின் முடிவிலே, பகலும் இரவும், சுற்றுக்குச் சுற்று ஒரே வகையாக வேகங் குறைக்க முடிந்தமையே டிஸ்க் பிறேக்கின் சிறப்பு.

இது பந்தயப் பாதைக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நமது மலைநாட்டு வீதிகளிலும் இதே விதிதான் ஆட்சி செய்கின்றது. நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கின்றது. கண்டி ஏறக்குறைய 500 மீற்றர். நாம் எடுத்துக்கொண்ட வண்டி அங்கிருந்து இங்கு இறங்கும்போது விடுவிக்கும் சக்தி, 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து முப்பதுக்கு மேற்பட்ட முறை நிறுத்துவதற்குச் சமமாகும். காற்றின் தடையும் ரயரின் தடையும் இதில் ஒரு பங்கை ஏற்கும். எஞ்சியதை எஞ்சினும் பிறேக்கும் பகிர வேண்டும். தாழ்ந்த கியரில் இறங்கும் சாரதி எஞ்சினுக்குப் பெரும் பங்கைக் கொடுக்கின்றார். உயர்ந்த கியரிலோ நியூற்றலிலோ இறங்குபவர் அனைத்தையும் பிறேக்கின் தலையிலே சுமத்துகின்றார். அவருக்கு எத்துணைப் பெரிய தட்டும் நெடுநேரம் துணை நிற்காது.

வெப்பம் மிகும்போது பிறேக் இரண்டு வகையாகத் தளரும். இவ்விரண்டையும் பிரித்தறிபவரே சரியான மருந்தைத் தெரிய வல்லவர். முதல் வகையில், மிதி காலுக்கு உறுதியாகவே இருக்கும். ஆனால் வண்டி வேகங் குறையாது. கலிப்பருக்குள் இருந்து தட்டைப் பற்றும் பாட் என்னும் உராய்வுக் கட்டைகள், தமக்குரிய வெப்ப எல்லையைக் கடந்துவிட்டன என்பதே இதன் பொருள். இரண்டாம் வகையில், மிதி மென்மையாகித் தரைவரை இறங்கிவிடும். பிறேக் ஒயில் கொதித்து, குழாயினுள்ளே ஆவிக்குமிழிகள் தோன்றிவிட்டன என்று இதனால் அறியலாம். ஒயிலை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். ஆகவே காலின் வலிமை முழுவதும் அந்தக் குமிழிகளைச் சுருக்குவதிலேயே கழிந்துவிடும்.

டொட் 4 எனக் குறிக்கப்பட்ட ஒயில், புதிதாயிருக்கும்போது 230 பாகை சதமளவுக்குக் குறையாத கொதிநிலை உடையதாயிருத்தல் வேண்டும் என்பது விதி. ஆனால் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. அதில் நூற்றுக்கு 3.7 வீதம் நீர் சேர்ந்த நிலைக்கு விதிக்கப்பட்ட ஆகக் குறைந்த கொதிநிலை 155 பாகைதான். பல்லாண்டுகள் ஒயில் மாற்றாத ஒருவர் விலையுயர்ந்த பெரிய பிறேக்கை வாங்கிப் பூட்டுவது, ஓட்டைப் பானையை அடைக்காது பெரிய அகப்பை வாங்குவதை ஒக்கும். புதிய ஒயிலின் விலை அற்பம். அது காக்கும் பொருளோ உயிர்.

பாட் தெரிவதிலும் விவேகம் வேண்டும். பந்தயத்துக்கென்றே செய்த பாட், மிகுந்த சூட்டிலே நன்கு பிடிக்கும்; குளிர்ந்திருக்கும்போது போதிய பிடிப்பைத் தராது. காலையில் வீட்டு வாயிலைவிட்டுப் புறப்பட்டதும் ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால், அந்தப் பாட் சூடேறும்வரை விதி காத்திருக்குமா? வீதியில் ஓடும் வண்டிக்கு, குளிரிலும் பிடித்து ஓரளவு சூட்டையும் தாங்கும் நடுத்தர வகையே ஏற்றது.

இனி நான் கூறப்போவது பலர் கவனியாது விடும் விடயம். வண்டி வேகங் குறையும்போது அதன் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. எம்.எக்ஸ்.-5 நிற்கும்போது அதன் பாரம் முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாக இருக்கும்; கடுமையாகப் பிறேக் பிடிக்கும்போது எழுபது வீதத்தை அண்மிய பாரம் முன்சில்லுகளுக்குச் சென்றுவிடும். தொழிற்சாலைப் பொறியியலாளர் இதனைக் கணித்தே முன்பின் பிறேக்குகளுக்கிடையே வலிமையைப் பங்கிட்டிருக்கின்றனர். முன்னே மட்டும் மிகப் பெரிய பிறேக்கைப் பூட்டினால், பின்சில்லுகள் தம் பங்கைச் செய்யுமுன்னரே முன்சில்லுகள் பிடிப்பின் எல்லையை எட்டிவிடும். அதன் விளைவாக நிறுத்தும் தூரம் குறைவதற்குப் பதிலாக நீளும். பின்னே மட்டும் பெருப்பித்தாலோ இன்னும் கேடு: பின்சில்லுகள் முதலில் இறுகி, வண்டி பம்பரம்போற் சுழன்றுவிடும். ஆகவேதான் 1.6 லீற்றர் வண்டி வைத்திருப்போர் பலர், 1.8 லீற்றர் வண்டியின் பிறேக்கை முன்னும் பின்னும் ஒருசேர எடுத்துப் பூட்டுகின்றனர். இரண்டும் ஒரே விகிதத்தில் வளர்கின்றன. 14 அங்குலச் சில்லுக்குள்ளும் அடங்குகின்றன. உதிரிப் பாகங்களைத் தேடி அலையவும் வேண்டுவதில்லை.

பிஸ்டன்களின் எண்ணிக்கையைக் கண்டும் மயங்குதல் ஆகாது. தொழிற்சாலைக் கலிப்பரில் ஒரு பக்கத்திலே ஒரு பிஸ்டன்தான் உண்டு. அது தள்ளும்போது கலிப்பரே நகர்ந்து மறுபக்கத்துப் பாட்டையும் இழுத்துவரும். நான்கு பிஸ்டன் கலிப்பரிலோ பக்கத்துக்கு இரண்டு. ஆகவே அந்த ஒன்றோடு ஒப்பிட வேண்டியது இந்த இரண்டின் பரப்பையே. அப்பரப்பு மிகுதியாயின் மாஸ்டர் சிலிண்டர் கூடுதலான ஒயிலைத் தள்ள வேண்டும். மிதியும் கூடுதலாக இறங்கும். தட்டு முழுவதும் துளையிட்ட வகைகள் கண்ணுக்கு அழகாயிருப்பினும், கடுஞ்சூட்டிலே அத்துளைகளிலிருந்து வெடிப்புகள் தொடங்குவதுண்டு. பெரிய தட்டுக்குப் பெரிய சில்லு வேண்டும். 270 மில்லிமீற்றர்த் தட்டுக்கு 15 அங்குலச் சில்லேனும் தேவை. சில்லும் தட்டும் பாரமானால், குலுக்கந் தாங்கும் விற்சுருள்களுக்குக் கீழேயுள்ள நிறை கூடி, மேடு பள்ளமான வீதியிலே ரயர் நிலத்தைப் பற்றியிருப்பது குறையும். இலேசான வண்டியின் இனிமையே அதனாற் கெடலாம்.

ஆகவே, பிறேக்கைத் திருத்த விரும்பும் அன்பர்கள் ஓர் ஒழுங்கைக் கைக்கொள்வது நன்று. முதலாவதாக, உள்ள பிறேக்கைச் செம்மைப்படுத்துங்கள்: இறுகிப்போன கலிப்பர் ஊசிகளைச் சுத்தஞ் செய்து, பழைய இறப்பர்க் குழாய்களையும் ஒயிலையும் மாற்றுங்கள். இரண்டாவதாக, நல்ல ரயர் பூட்டுங்கள். மூன்றாவதாக, உங்கள் பயன்பாட்டுக்கு ஏற்ற பாட்டைத் தெரியுங்கள். நான்காவதாக, பந்தயப் பாதையில் ஓடுபவராயின், தட்டுக்குக் குளிர்காற்றைக் கொண்டுசெல்லும் குழாய் அமைத்துப் பாருங்கள். இவை அனைத்தையும் செய்த பின்னரும், தொடர்ந்து ஓடும்போது வெப்பத்தினால் பிறேக் தளருமாயின், அப்பொழுது பெரிய தட்டை, முன்னும் பின்னும் பொருந்தும் தொகுதியாக, தேர்ந்த மெக்கானிக்கின் கையினாற் பூட்டுவியுங்கள். பூட்டியபின், ஆளரவமற்ற ஒரு மூடிய மைதானத்திலே, முன்சில்லா பின்சில்லா முதலில் இறுகுகின்றது என்று சோதித்த பிறகே வீதிக்கு வாருங்கள்.

சில்லின் இடைவெளியூடே பளபளக்கும் செந்நிறக் கலிப்பர், காண்பவரின் கண்ணைக் கவரலாம். ஆனால் மலையிறக்கத்தின் கடைசி வளைவிலே சாரதிக்குக் கைகொடுப்பது, இறுகாத ஊசியும், ஈரமேறாத ஒயிலும், தேயாத ரயரும், தாழ்ந்த கியருமே. அவற்றைக் கவனித்தபின் பெரியதைத் தேடுவோம்.