துரத்திப் பெறுவது காதலா?

காதலைப் பற்றி மேடையில் பேச நாம் கூச வேண்டியதில்லை. தொல்காப்பியரே அதற்கு இலக்கணம் வகுத்தவர். அகத்திணை ஏழில் முதலில் கைக்கிளையை வைத்தார், கடைசியில் பொருந்தாக் காதலான பெருந்திணையை வைத்தார், இரண்டுக்கும் நடுவே இருவர் மனமும் ஒத்த ஐந்திணையை வைத்தார். கைக்கிளையில் ஒருவன் பேசிக்கொண்டே இருக்கிறான். எதிரே நிற்கும் சிறுபெண் ஒரு சொல்லும் திருப்பிச் சொல்லவில்லை. தன் பேச்சிலேயே அவன் மகிழ்ந்து கொள்கிறான். அந்த மகிழ்ச்சிக்கு ஐந்திணையில் இடமில்லை.

"அப்படியானால் மடலேறுவது நம் மரபில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பனைமட்டையில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, தெருவில் ஊரறிய ஒருவன் தான் விரும்பும் பெண்மீதுள்ள ஆசையைச் சொல்வது மடல். ஆனால் நம் இலக்கணம் இங்கே எவ்வளவு நுட்பமாகக் கோடு கிழிக்கிறது, பாருங்கள்! 'மடலேறுவேன்' என்று அவள் தோழியிடம் சொல்வதோடு நின்றால் அது ஐந்திணை, ஏறியேவிட்டால் பெருந்திணை. காரணம் இதுதான் என்பேன்: அவன் ஏறிவிட்டால் ஊர்வாய் அவளை நெருக்கும். அதன்பின் அவள் தலையசைத்தாலும் அது ஊருக்குப் பயந்த சம்மதம்.

"முயற்சியே இல்லாமல் காதல் எப்படி வரும்? துரத்தித் துரத்திக் கல்யாணம் செய்தவர்கள் நன்றாகத்தானே வாழ்கிறார்கள்?" என்பார்கள். ஒருவன் மனத்தில் இருப்பதை ஒரு பெண்ணிடம் ஒருமுறை மரியாதையாகச் சொல்வதை யாரும் குற்றம் சொல்லவில்லை. அவள் 'வேண்டாம்' என்ற பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவன் மனம் தெரியும். அவள் நலத்தை விரும்புகிறவன் வலியோடு விலகுவான். அவளை அடைய விரும்புகிறவன் பேருந்து நிறுத்தம் வரை வருவான். நம் சினிமா இந்த இரண்டாமவனுக்கே பாட்டும் கைதட்டலும் கொடுத்து, இடைவேளைக்குப் பிறகு அவளைச் சிரிக்கவும் வைத்தது. நிஜத்தில் 2022 அக்டோபரில் பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி, தன்னைப் பின்தொடர்ந்தவனால் மின்சார ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டாள். ஆவடியில் தினமும் ரயிலேறும் நம் பிள்ளைகளின் வயதுதான் அவளுக்கும்.

விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகச் சொன்ன பிறகும் பின்தொடர்வதை 2013-லேயே சட்டம் குற்றமாக்கியது. இன்றைய பாரதிய நியாய சம்ஹிதாவில் அது 78-ஆம் பிரிவு. முதல்முறைக்கே மூன்றாண்டு வரை சிறை உண்டு. ஆனால் நம் பெண் வீட்டில் வந்து சொன்னால்தானே சட்டம் அவளுக்கு உதவும்? சொன்னதும் அவள் போனைப் பிடுங்கி, படிப்பை நிறுத்தினால் அடுத்த முறை அவள் வாய் திறக்கமாட்டாள். தாய்மார்களே, அவளைத் திட்டாதீர்கள்; 181-ஐ அழையுங்கள், மகளிர் காவல் நிலையத்துக்கு அவளோடு நீங்களும் போங்கள். பையன்களைப் பெற்றவர்களே, இன்றிரவே அவனோடு உட்கார்ந்து இதைப் பேசுங்கள்.