முதல் சம்பளமும் முதல் சிகரட்டும்

(தோட்டத் தலைவர்கள், மாதர் அணியினர், இளைஞர் அணியினர் கலந்துகொண்ட சங்கக் கல்வி வகுப்பில் ஆற்றிய உரை)



"இளைஞர்களும் புகைத்தலும்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் வழக்கமாகக் கறுத்துப்போன நுரையீரல் படம் ஒன்றைக் காட்டிவிட்டுப் போவார்கள். நான் படம் கொண்டுவரவில்லை. அந்தப் படங்கள் சிகரட் பெட்டியிலேயே இருக்கின்றன. 2015ஆம் ஆண்டிலிருந்து பெட்டியின் 80 வீத இடத்தில் நோய்ப் படம் போடவேண்டும் என்பது நமது நாட்டுச் சட்டம். ஆனால் நம்முடைய பொடியன்கள் பெட்டியாகவா வாங்குகிறார்கள்? ஒன்று, இரண்டு என்று தனித்தனியாக வாங்குகிறார்கள். படம் கடைக்காரருடைய மேசையிலேயே தங்கிவிடுகிறது. சிகரட் மட்டும் கைக்கு வருகிறது.

ஆகவே நான் வேறு ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நம்முடைய பிள்ளை எந்த வயதில், எந்த இடத்தில் முதல் சிகரட்டைப் பற்ற வைக்கிறான்?

இந்தக் கேள்விக்கு உலகத்திலேயே அதிகம் ஆராய்ச்சி செய்தது அமெரிக்கா. அந்த நாட்டு அரசாங்கத்தின் தலைமை வைத்தியர் 2012இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். தினமும் புகைக்கும் பெரியவர்களில் பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர் 18 வயதுக்குள் முதல் சிகரட்டைத் தொட்டவர்கள் என்று அதில் இருக்கிறது. 26 வயதைத் தாண்டிய பிறகு முதல் தடவை தொட்டவர்கள் நூற்றில் ஒருவர்தான். இதைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். ஒரு பொடியனை 26 வயது வரைக்கும் சிகரட்டுக்குக் கிட்டப் போகாமல் கொண்டுவந்துவிட்டால், அநேகமாக அவன் வாழ்நாள் முழுவதற்கும் தப்பிவிட்டான். நாற்பது வயதில் யாரும் புதிதாக ஆரம்பிப்பதில்லை.

இது கம்பனிகளுக்கும் நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் வழக்குகள் நடந்து 1998இல் பெரிய உடன்படிக்கை ஒன்று வந்தபோது, சிகரட் கம்பனிகளின் உள்வீட்டுக் கடிதங்கள் வெளியே வந்தன. பழைய வாடிக்கையாளர் சாகிறார், அல்லது விட்டுவிடுகிறார். அந்த இடத்துக்கு இளம் ஆட்கள் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பதை அவர்களே எழுதி வைத்திருந்தார்கள். ஒரு கம்பனி ஒட்டகத்தைக் கேலிச்சித்திரமாகப் போட்டு விளம்பரம் செய்தது. ஆறு வயதுப் பிள்ளைகள் மிக்கி மவுஸை அடையாளம் காட்டிய அளவுக்கு அந்த ஒட்டகத்தையும் அடையாளம் காட்டினார்கள் என்று 1991இல் ஓர் ஆய்வு வந்தது. தோட்டத்தில் செத்துப்போன தேயிலை மரத்தின் இடத்தில் கன்று வைப்போமே, அதே கணக்குத்தான். கன்று யார் என்பதுதான் வித்தியாசம்.

அங்கே சட்டம், வரி, பிரசாரம் எல்லாம் சேர்ந்து வேலை செய்ததில் நிலைமை மாறியது. 1997இல் உயர்நிலைப் பாடசாலை மாணவர்களில் நூற்றுக்கு 36 பேர் சிகரட் பிடித்தார்கள். 2019இல் அது ஆறு பேராக இறங்கிவிட்டது. (அந்த இடத்தில் மின்சிகரட் வந்து உட்கார்ந்துகொண்டது வேறு கதை. நமது நாட்டில் அது 2016இலேயே தடைசெய்யப்பட்டது.) ஆனால் இந்த இறக்கத்துக்குள் இன்னொரு மாற்றம் ஒளிந்திருந்தது. பாடசாலை வயதில் தொடங்குகிறவர்கள் குறையக் குறைய, 18 வயதுக்குப் பிறகு தொடங்குகிறவர்களின் பங்கு கூடிக்கொண்டே வந்தது. அதாவது, பாடசாலை வாசலில் நின்ற ஆபத்து நகர்ந்து வேலைத்தளத்து வாசலுக்குப் போய்விட்டது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 13 முதல் 15 வயதுப் பாடசாலை மாணவர்களிடம் 2015இல் எடுத்த கணக்கில், ஏதாவது ஒரு புகையிலைப் பொருளைப் பாவிப்பதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை. பையன்களை மட்டும் எடுத்தாலும் ஏழைத் தாண்டவில்லை. சந்தோஷமான செய்திதான். ஆனால் அதே காலத்தில் வளர்ந்தவர்களிடம் எடுத்த கணக்கில், ஆண்களில் நூற்றுக்கு 29 பேர் புகைக்கிறார்கள். ஏழு எங்கே, இருபத்தொன்பது எங்கே? இடையில் என்ன நடந்தது?

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அந்தக் கணக்கு வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம் எடுத்தது. எட்டாம், ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட பிள்ளை அதில் இல்லவே இல்லை. அப்படி நின்ற பிள்ளைகள் எந்த லயத்தில் அதிகம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

முன்பு நமது தோட்டங்களில் முதல் சிகரட் வீட்டுக்குள்ளேயே நடந்தது. தாத்தா பீடியையோ சுருட்டையோ நீட்டி, "அடுப்புல பத்த வச்சிட்டு வாடா" என்பார். அடுப்பில் நெருப்புப் பிடிக்கவேண்டுமென்றால் ஓர் இழுப்பு இழுக்கத்தானே வேண்டும்? ஏழு வயதில் அந்த இழுப்பு. திருவிழா, காமன் கூத்து, கலியாண வீடு என்றால் தட்டில் வெற்றிலையோடு சிகரட்டையும் வைத்து நீட்டுவது மரியாதை என்று நினைத்தோம். இப்போது அடுப்பு வேலை குறைந்துவிட்டது. ஆனால் "கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வா" என்று பத்து வயதுப் பிள்ளையிடம் காசு கொடுப்பது இன்னும் நிற்கவில்லை. அப்பாமார்களே, அது வெறும் எடுபிடி வேலை இல்லை. எந்தக் கடையில், என்ன விலையில், என்ன சொல்லி வாங்குவது என்று பிள்ளைக்கு நாமே பழக்கிவிடுகிறோம்.

இன்றைக்குப் பெரிய வாசல் வேறு. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு, சிலர் எழுதாமலேயே, பஸ் ஏறுகிறார்கள். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடை, வெள்ளவத்தையில் ஒரு ஹோட்டல், ஏதோ ஒரு நகரத்தில் ஒரு புடவைக் கடை. கடைக்கு மேல்மாடியில் எட்டுப் பேருக்கு ஓர் அறை. அதில் இவன்தான் வயதில் சின்னவன். கையில் முதல் தடவையாகத் தன் சொந்தச் சம்பளம். அம்மா பக்கத்தில் இல்லை. ராத்திரி பத்து மணிக்குக் கடை மூடியபிறகு போக்கிடமும் இல்லை.

அங்கே இருந்துவிட்டு வந்த பொடியன்கள் பலபேர் என்னிடம் சொன்ன ஒரு விஷயத்தைத் தொழிற்சங்கக்காரர்கள் கவனித்துக் கேட்கவேண்டும். கடையில் சும்மா ஐந்து நிமிடம் நின்றால் முதலாளி ஏசுவார். "ஒரு சிகரட் அடிச்சிட்டு வாறேன்" என்று பின்பக்கம் போனால் ஒன்றும் சொல்லமாட்டார். புகைக்கிறவனுக்கு ஓய்வு உண்டு, புகைக்காதவனுக்கு இல்லை. காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை செய்கிற பதினேழு வயதுப் பையனுக்கு அந்த ஐந்து நிமிடம் எவ்வளவு பெரிது! அவன் சிகரட்டுக்காகப் பின்பக்கம் போகவில்லை. காலை ஆற்றிக்கொள்ளப் போகிறான். போன இடத்தில் சிகரட் ஒட்டிக்கொள்கிறது.

இதை ஒழுக்கப் பிரச்சினை என்று மட்டும் பேசிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. இது வேலை நேரப் பிரச்சினை. கடை, அலுவலக ஊழியர்களுக்கென்று 1954ஆம் ஆண்டின் சட்டம் இருக்கிறது. சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் இடைவேளை கொடுக்கவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. 16 வயது நிரம்பாத பிள்ளையை வேலைக்கு வைக்க 2021இலிருந்து இடமில்லை. நம் பிள்ளைகள் மலையை விட்டு இறங்கிவிட்டால் நமது சங்கத்துக்கும் அவர்களுக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. சந்தாவும் இல்லை, விசாரிப்பும் இல்லை. அது சரிதானா என்று இந்த மண்டபத்தில் நாம் பேசவேண்டும்.

காசுக் கணக்கையும் பார்த்துவிடுவோம். அதிகம் விற்பனையாகும் சிகரட் ஒன்றின் விலை 100 ரூபாவைத் தாண்டிவிட்டது. சுற்றுக் கணக்குக்கு நூறு என்றே வைப்போம். ஒரு நாளைக்கு மூன்று என்றால் மாதம் 9000 ரூபா. 2024 செப்டெம்பரில் சம்பளச் சபை தீர்மானித்த நாட்சம்பளம் 1350 ரூபா. அந்தக் கணக்கில் கிட்டத்தட்ட ஏழு பேர். அம்மா அட்டைக்கடிக்கும் மழைக்கும் நடுவில் ஏழு நாள் மலை ஏறிக் கொழுந்து எடுத்துப் போட்ட பேர், மகனுடைய விரல் நடுவில் புகைந்துபோகிறது. நாட்சம்பளத்தில் ஐம்பது ரூபா கூட்டித் தாருங்கள் என்று நாம் எத்தனை மாதம் போராடுகிறோம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சட்டத்தில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை. 21 வயதுக்குக் குறைந்தவருக்குச் சிகரட் விற்கக்கூடாது என்று 2006இலேயே, 27ஆம் இலக்கச் சட்டத்தில் எழுதிவிட்டோம். அமெரிக்கா முழு நாட்டுக்கும் அதைக் கொண்டுவந்தது 2019 டிசெம்பரில். பதின்மூன்று வருடம் நாம் முந்தியிருக்கிறோம். ஏன் 18 இல்லாமல் 21 என்று சிலர் கேட்பார்கள். பதினாறு வயதுப் பையனுக்குப் பத்தொன்பது வயதுக் கூட்டாளி வாங்கிக் கொடுப்பான். இருபத்தொரு வயதுக்காரன் அவனோடு சுற்றுவது குறைவு. எளிமையான கணக்கு, ஆனால் வேலை செய்கிற கணக்கு. ஆனால் அந்தச் சட்டம் நம் தோட்டத்துச் சந்திக் கடை வரைக்கும் ஏறி வந்திருக்கிறதா? ஏறி வரவில்லை என்றால் நாம்தான் போய்க் கூட்டிக்கொண்டு வரவேண்டும்.

கடைக்காரரோடு சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. அவரும் நம் ஆள்தான், நமக்குக் கடன் கொடுக்கிறவர். தோட்டத் தலைவரும் மாதர் அணியில் இரண்டு பேரும் போய், "அண்ணே, எங்க பிள்ளைங்களுக்குக் குடுக்காதீங்க, நாங்க அனுப்பினாலும் குடுக்காதீங்க" என்று சொன்னால் அநேகமானவர்கள் கேட்பார்கள். நாட்டில் பல ஊர்களில் கடைக்காரர்கள் தாங்களாகவே சிகரட் விற்பனையை நிறுத்தியிருக்கிறார்கள். கேட்காதவர் இருந்தால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள். அது அவருடைய கடமை.

தாய்மார்கள் சிரிக்கிறீர்கள், "ஆம்பளைங்களுக்கு நல்லா வேணும்" என்று. உங்கள் மடியில் இருக்கும் வெற்றிலைப் பையிலும் புகையிலை இருக்கிறது. இந்த நாட்டில் ஆண்களுக்கு அதிகம் வரும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். அது பெண்களையும் விடுவதில்லை. மலையில் குளிருக்குப் போட்ட வெற்றிலையை மகள் எந்த வயதில் கேட்டு வாங்கினாள் என்பதையும் யோசியுங்கள். அதை இன்னொரு வகுப்பில் விரிவாகப் பேசுவோம்.

ஏற்கெனவே பிடிக்கிற தம்பிமார்களுக்கு ஒன்று. கதவுப் பக்கம் நிற்பவர்களைத்தான் சொல்கிறேன். இங்கிலாந்தில் வைத்தியர்களையே ஐம்பது வருடம் தொடர்ந்து கவனித்து, 2004இல் முடிவு வெளியிட்டார்கள். தொடர்ந்து புகைத்தவர்கள் சராசரியாகப் பத்து வருட ஆயுளை இழந்தார்கள். முப்பது வயதில் விட்டவர்கள் அந்தப் பத்து வருடத்தையும் ஏறக்குறைய முழுதாக மீட்டுக்கொண்டார்கள். ஐம்பதில் விட்டவர்களுக்குக்கூட ஆறு வருடம் கிடைத்தது. உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. விட நினைக்கிறவர்கள் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை கேட்கலாம். முதல் வாரத்தில் எரிச்சல் வரும், தூக்கம் வராது. வீட்டில் இருப்பவர்கள் அதைத் தெரிந்து வைத்திருந்தால் சண்டை குறையும்.

தோட்டத் தலைவர்மாரே, வெளியே மேசையில் கொப்பிகள் வைத்திருக்கிறோம். தோட்டத்துக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் தோட்டத்திலிருந்து வெளியூர் வேலைக்குப் போயிருக்கும் 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளின் பெயர், வயது, எந்த ஊர், என்ன வேலை, ஓய்வு நேரம் கிடைக்கிறதா, எப்போது வீட்டுக்கு வருவார்கள் என்று தாய் தகப்பனிடம் கேட்டு எழுதுங்கள். சிகரட் பிடிக்கிறானா என்று கேட்க வேண்டாம், யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். தீபாவளிக்குப் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது அவர்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம் வைக்கவேண்டும். அதற்கு முன்னால் கொப்பிகள் மாவட்டக் காரியாலயத்துக்கு வந்து சேரவேண்டும்.