கவசத்தின் கணக்கு

நேயர்களே, மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குச் செல்லும் பெருவீதியை விட்டுச் சற்றே கிழக்கே திரும்பினால், பல்லவச் சிற்ப மரபின் சாயல் படிந்த நாலந்தா கெடிகே என்னும் கற்கோயில், போவதென்ன நீர்த்தேக்கம் எழுந்தபோது கல் கல்லாகப் பெயர்த்தெடுக்கப்பட்டு, நீர்க்கரையில் மீளவும் நிறுவப்பெற்று நிற்கக் காணலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு, கஜபாகுவோடு பொருத காலத்தில் படைநிலையாகக் கொண்ட ஊர் இது. ஆதலின், ஆயுதமும் கவசமும் மோதும்போது விளையும் சேதத்தை எண்ணால் அளக்கும் கலையின் சரித்திரத்தைச் சொல்ல இது தக்க இடமே.

இன்று நம் பிள்ளைகள் கணினித் திரையின்முன் 'டேமேஜ்' என்றும் 'ஆர்மர்' என்றும் பேசும் கணக்குக்கு மூலம், 1824இல் பிரஷ்யப் படையதிகாரி ரைஸ்விட்ஸ், பகடை காட்டும் எண்ணுக்கேற்பப் படையிழப்பை வகுத்த அட்டவணைகளில் இருக்கிறது. 1974இல் கைகாக்ஸும் ஆர்னசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டில், கவசம் அடியின் வேகத்தைத் தணிக்கவில்லை. அடி படுமா, படாதா என்னும் வாய்ப்பை மட்டுமே மாற்றியது. பட்ட அடியோ வீரனுடைய உயிர்ப்புள்ளிகளை முழுமையாகவே குறைத்தது. 2004இல் வந்த 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' கவசத்தை நூற்றுவீதமாக்கி, ஒவ்வோர் அடியிலும் ஒரு பங்கைக் கழித்தது.

இவற்றிடையே 1999இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' இரண்டாம் பாகத்தின் நியதியே எனக்கு மிகவும் உவப்பானது. தாக்கும் வலி 10, கவசம் 4 எனில் சேதம் 6. கவசம் எத்துணை கனமாயினும் சேதம் 1க்குக் கீழே இறங்காது. வாளுக்கு ஒரு கவசம், அம்புக்கு வேறொரு கவசம் எனப் பிரித்திருப்பதால், எதிரியின் இயல்பறிந்து ஆயுதம் தேரும் விவேகத்துக்கு அங்கே மதிப்புண்டு. சிற்றடிகள் பல பயனற்றுப் போக, பேரடி ஒன்றே கவசத்தைப் பிளக்கும் போர்க்கள உண்மைக்கு இந்தக் கழித்தற்கணக்கு அணுக்கமாய் இருக்கின்றது.

அந்த விளையாட்டில் 2022ஆம் ஆண்டு திராவிடர் என்னும் இனம் சேர்க்கப்பட்டபோது, தென்னாட்டுப் பழைய எஃகின் பெயரைத் தாங்கிய 'வூட்ஸ் எஃகு' என்னும் வித்தையைக் கற்ற அவர்களுடைய காலாட்படையும் குதிரைப்படையும் எதிரியின் கவசத்தையே பொருட்படுத்தாமல் தாக்கும் வரம் பெற்றன. மெய்யான உலகில் எந்த வாளும் கவசத்தை முற்றிலும் இல்லாததாக்குவதில்லை. ஆயினும், தென்னாட்டுக் கொல்லரின் கைத்திறன் உலகெங்கும் விளையாடுவோர் திரையில் ஒரு விதியாகவே பொறிக்கப்பட்டமை கண்டு நான் பெருமிதம் கொள்கிறேன். கொங்கு நாட்டுக் கொடுமணலில் அகழ்வாய்வு வெளிப்படுத்திய உலைகளும், நம் இலங்கையிலே சமனலவெவவில் பருவக்காற்றின் விசையையே துருத்தியாக்கி எஃகு விளைத்தவையென 1996இல் தொல்லியலாளர் கில் ஜூலெஃப் உலகுக்கு அறிவித்த உலைகளும் அந்தத் திறனின் சாட்சிகளாம். இங்கு எஃகு செய்த முறையை ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட தம் நூலிலேயே எழுதிவைத்தார்.

ஆகவே, இளைய நேயர்களே, திரையில் அந்த வித்தையை நீங்கள் அடுத்த முறை தேரும்போது, சமனலவெவவின் உலைகளைப் பற்றியும் தேடிப் படியுங்கள்; படித்ததை உங்களோடு விளையாடும் அயல்நாட்டு நண்பர்க்கும் எடுத்துச் சொல்லுங்கள்.